கற்பனை உலகில் உடை நிறத்தால் தகுதி காட்டுவது எப்படி: சாயத்தொட்டியிலிருந்து கதைவரை

அரசனுக்கு ஊதா, பூசாரிக்கு வெள்ளை, வீரனுக்குச் சிவப்பு, வில்லனுக்குக் கறுப்பு. கற்பனை நாடு ஒன்றைக் கட்ட உட்காருகிறவர்கள் முதல் நாளே எழுதிவிடும் பட்டியல் இது. ஏன் ஊதா என்று ஒரு வாசகர் கேட்டால், "அது ராஜ நிறம்" என்பதற்கு மேல் அதனிடம் பதில் கிடையாது. கதைக்கு நடுவே ஒரு நெசவாளி ஊதாத் துண்டு போட்டு வந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் பதில் கிடையாது.

நிறத்துக்குப் பொருள் பிறகுதான் ஏறுகிறது. முதலில் இருப்பது சரக்கு: எந்த வேர், எந்தப் பூச்சி, எந்தச் சிப்பி, யார் கை. அடுத்தது தடை. அதற்கடுத்தது தடையை மீறுகிறவன். இந்த வரிசையில் போனால் பொருள் தானாக வந்து சேரும்.

படி 1: சாயச் சரக்கை முடிவு செய்யுங்கள்

உங்கள் நாட்டுக்கு ஐந்து அல்லது ஆறு சாயங்கள் போதும். ஒவ்வொன்றுக்கும் நான்கு விவரங்கள் எழுதிக்கொள்ளுங்கள்: எங்கே கிடைக்கிறது, ஒரு உடைக்கு எவ்வளவு வேண்டும், யார் எடுக்கிறார்கள், எத்தனை நாள் நிற்கும்.

உண்மை உலகக் கணக்கு உதவும். மத்தியதரைக் கடலின் முள்சங்கு வகையிலிருந்து எடுத்த ஊதாவின் வேதிப்பொருளை அறிய, 1909-இல் பவுல் ஃப்ரீட்லெண்டர் என்ற வேதியியலாளர் 12,000 சங்குகளை உடைத்தார். கிடைத்தது 1.4 கிராம். கி.பி. 301-இல் ரோமப் பேரரசன் டயோக்ளீஷியன் போட்ட விலைக்கட்டுப்பாட்டு ஆணையில், அந்த ஊதா ஏறிய பட்டு ஒரு பவுண்டுக்கு 1,50,000 டெனாரியஸ். அதே ஆணையில் முதல்தரச் சிங்கம் ஒன்றுக்கும் அதே விலைதான். வயல் கூலியாளுக்குச் சாப்பாடு போக நாளொன்றுக்கு 25. அதாவது 6,000 நாள் கூலி. ஊதா ஏன் ராஜ நிறம் என்ற கேள்விக்கு இதுதான் பதில்.

சிவப்புக்குப் பல வழிகள். அமெரிக்கக் கள்ளிச்செடியில் வளரும் கொச்சினீல் பூச்சி, ஒரு பவுண்டு உலர்சரக்குக்கு ஏறத்தாழ 70,000 வேண்டும். வேரிலிருந்து வரும் சிவப்பு மலிவு, ஆனால் உழைப்பு அதிகம். சோழமண்டலக் கடற்கரை மணலிலும் யாழ்ப்பாணம், மன்னார்ப் பக்கமும் தோண்டிய சாயவேர் அந்த வகை. இம்பூறல் என்றும் சொல்வார்கள். டச்சுக் கம்பெனி இலங்கையில் அதைத் தன் பிடியில் வைத்திருந்தது. ஒரு சிறு செடியின் வேரைக் கப்பல் கம்பெனி ஒன்று தன் கைக்குள் வைத்திருந்திருக்கிறது. உங்கள் நாட்டில் இப்படி ஒரு வேர் இருந்தாலே பாதி அரசியல் கைக்கு வந்துவிடும்.

சாயமிடும் முறையும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் கதைக்கு வேண்டிய தவறுகள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. பருத்தி நேரடியாக வேர்ச்சாயத்தைப் பிடிக்காது. ஒரு கிலோ துணிக்கு 150 முதல் 200 கிராம் கடுக்காய்த்தூளில் ஊறவைத்துக் காயவைத்து, பிறகு அதே அளவு படிகாரத்தில் ஊறவைத்து, அதன்பிறகே சாயத்தில் போட வேண்டும். படிகாரம் குறைந்தால் முதல் துவைப்பிலேயே சிவப்பு வெளிறிவிடும். ஐரோப்பிய மஞ்சிட்டி வேரை 70 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சூடாக்கினால் சிவப்பு மங்கிப் பழுப்பேறும். மஞ்சள் கிழங்கு உடனே பிடிக்கும், வெயிலில் சில நாளிலேயே போய்விடும். ஆகவே, மஞ்சள் கிழங்கில் தோய்த்த உடையை நிரந்தரப் பதவிக்கு வைக்காதீர்கள். விரதம், துக்கம், திருவிழா போன்று நாள் குறித்த நிலைகளுக்கு அது பொருத்தம்.

கறுப்பை மலிவான நிறமாக நினைப்பதுதான் எல்லோரும் செய்யும் பிழை. கடுக்காய் போன்ற துவர்ப்புச் சரக்கோடு அன்னபேதி என்ற இரும்பு உப்பைச் சேர்த்தால் கறுப்பு வரும். நூறு பங்கு துணிக்கு இரண்டு மூன்று பங்கு அன்னபேதிக்கு மேல் போனால் நூல் இற்றுவிடும். பழைய சோழமண்டலத்துச் சித்திரத்துணிகளில் சிவப்பு இன்னும் பளிச்சென்று இருக்க, கறுப்புக் கோடுகள் மட்டும் அரித்து ஓட்டையாகிக் கிடப்பது இதனால்தான். இற்றுப்போகாத, ஆழமான கறுப்பு வேண்டுமென்றால் முதலில் நீலத்தில் பலமுறை தோய்த்து, மேலே சிவப்பும் ஏற்ற வேண்டும். 1419-இல் தந்தை கொல்லப்பட்டபின் கறுப்பே உடுத்திய பர்கண்டிப் பிரபு பிலிப்பின் அரசவையில் கறுப்பு துக்கமும் காட்டியது, செல்வமும் காட்டியது. உங்கள் வில்லனுக்குக் கறுப்பு போட்டால், அவன் பெரும் பணக்காரனா அல்லது உடை கிழியப்போகிறவனா என்பதையும் முடிவு செய்துகொள்ளுங்கள்.

வெள்ளை சாயமே அல்ல, ஆனாலும் செலவு உண்டு. உவர்மண்ணில் துவைத்து, வெள்ளாவி வைத்து, ஆற்றங்கரையில் காயப்போட ஒரு குடும்பம் வேண்டும். தினமும் வெள்ளை உடுத்துகிறவன் சேற்றில் இறங்காதவன். நம் ஊரில் 'வெள்ளையும் சொள்ளையுமாக' என்று சொல்லும்போது நிறத்தையா பார்க்கிறோம்? அவர் எந்த வேலையையும் கையால் செய்வதில்லை என்பதையல்லவா!

படி 2: தகுதியை உடையின் எந்தப் பகுதி சுமக்கிறது?

ஏழு தகுதிக்கு ஏழு நிறம் என்று பிரித்தால் வாசகர் மூன்றாவதிலேயே மறந்துவிடுவார். வரலாற்றிலும் நிறத்தோடு வேறொன்றைச் சேர்த்தே பிரித்தார்கள். ரோமில் செனட்டர் அங்கிக்கு அகன்ற ஊதாப் பட்டை, அடுத்த நிலையான குதிரைவீரர் வகுப்புக்குக் குறுகிய பட்டை. ஒரே நிறம்தான், அகலம்தான் வேறு. தாங் வம்சச் சீனத்தில் 630-இல் வகுத்தபடி அதிகாரிகளில் மூன்றாம் படியும் அதற்கு மேலும் ஊதா, நான்கு ஐந்துக்குச் செந்நிறம், ஆறு ஏழுக்குப் பச்சை, எட்டு ஒன்பதுக்கு நீலப்பச்சை. ஒன்பது படியை நான்கு நிறத்தில் அடக்கிவிட்டார்கள். பின்னால் வந்த சிங் வம்ச ஆட்சியில் அதிகாரியின் தொப்பி உச்சியில் உள்ள குமிழ் படியைச் சொன்னது.

எங்கள் பரிந்துரை: தூரத்திலிருந்து தெரிய மூன்று நிறம், பக்கத்தில் வந்தால் தெரிய ஒரு கரை. கரைக்குக் கணக்கும் சாதகம். 125 சென்டிமீட்டர் அகல வேட்டிக்கு இருபுறமும் ஐந்தைந்து சென்டிமீட்டர் கரை என்றால் மொத்தத்தில் 8 விழுக்காடு. முழுத்துணிக்கான சாயத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு போதும். அதனால் நடுத்தட்டுக்காரர்களுக்குக் கரை எட்டும், முழு உடை எட்டாது. ஆசை அங்கேதான் முளைக்கிறது.

படி 3: தடைச் சட்டத்தை நீங்களே எழுதுங்கள்

கதையில் வராவிட்டாலும் பரவாயில்லை, சட்டத்தை ஐந்தாறு வரியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். யாருக்கு என்ன அனுமதி, மீறினால் என்ன தண்டனை, பிடிப்பது யார், விலக்கு என்ன. நான்கில் மிக முக்கியமானது விலக்கு.

1574-இல் இங்கிலாந்தின் முதலாம் எலிசபெத் வெளியிட்ட ஆணை, ஊதா நிறப் பட்டுத்துணியை அரச குடும்பத்துக்கு ஒதுக்கியது. ஆனால் டியூக், மார்க்விஸ், ஏர்ல் ஆகியோர் உள்சட்டையிலும் மேலங்கியின் உள்புறத்திலும் அதை வைத்துக்கொள்ளலாம் என்றது. எட்டிப் பார்த்தால் மட்டும் தெரியும் சலுகை! மிங் சீனத்தில் சாமானிய மாப்பிள்ளை மணநாளன்று ஒன்பதாம் படி அதிகாரியின் உடையை அணியலாம். ஒரு நாள் ராசா. இப்படி ஒரு விலக்கு உங்கள் நாட்டில் இருந்தால், கல்யாணத்துக்கு மறுநாள் அந்த உடையைக் கழற்ற மறுக்கும் ஒருவன் தானாகவே கிடைப்பான்.

உச்சிக்கு மட்டும் நிறம் கொடுத்து நிறுத்திவிடாதீர்கள். ஜப்பானில் 820-இல் பேரரசருக்கு மட்டும் என்று ஒதுக்கிய செம்பழுப்பு, உயர்த்தும் நிறம். ஐரோப்பாவில் 1215-ஆம் ஆண்டின் லாத்தரான் திருச்சபைக் கூட்டம், யூதர்களும் முஸ்லிம்களும் உடையால் வேறுபட்டுத் தெரிய வேண்டும் என்று விதித்தது. அதன்பின் பல நாடுகளில் யூதர்கள் மேல் மஞ்சள் அடையாளம் ஏறியது. இது தாழ்த்தும் நிறம். உயர்த்தும் நிறத்தைத் திருடுவார்கள், தாழ்த்தும் நிறத்தை மறைப்பார்கள். இரண்டுக்கும் காவல்முறை வேறு.

மீறல் அழகான துணிச்சலாக மட்டும் இருக்க வேண்டியதில்லை. தென்திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், நாடார் பெண்கள் மார்பை மறைக்கத் தோள்சீலை போட்டதற்காகத் தெருவில் தாக்கப்பட்டார்கள். அனுமதி 1859-இல் ஆணையாக வருவதற்குள் பல பத்தாண்டுப் போராட்டம் கடந்துபோயிருந்தது. அங்கே சிக்கல் நிறத்தில் இல்லை, துணியில் இருந்தது. ஆனால் உடைச் சட்டத்தைக் காக்கப் பெரும்பாலும் சிப்பாய் தேவைப்படுவதில்லை, பக்கத்து வீட்டுக்காரனே போதும் என்பதை அதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

படி 4: ஒவ்வொரு தடைக்கும் ஒரு தில்லுமுல்லு

உடைச் சட்டங்களை அரசர்கள் திரும்பத் திரும்பப் போட்டார்கள். யாரும் கேட்காததால்தான் திரும்பப் போட வேண்டியிருந்தது.

போலி: எகிப்தில் கிடைத்த, ஸ்டாக்ஹோம் பாப்பிரஸ் என்று பெயர்பெற்ற பழைய கிரேக்கச் சுவடியில் போலி ஊதாவுக்கான செய்முறைகளே இருக்கின்றன. நீலத்தின் மேல் வேர்ச்சிவப்பு ஏற்றினால் ஊதா வந்துவிடும். பாறைப்பாசியிலிருந்தும் ஊதா எடுக்கலாம். அது முதலில் ஜொலிக்கும், வெயிலில் சீக்கிரம் போய்விடும். உங்கள் போலிப் பிரபு நிழலிலேயே நிற்பான்.

உள்ளே ஒளித்தல்: எடோ கால (1603–1868) ஜப்பானில் வணிகர்களுக்குப் பகட்டு உடை மறுக்கப்பட்டது. வெளியே சாதாரணத் துணி, உள்புறத்தில் விலையுயர்ந்த ஓவியப் பட்டு என்று தைத்துக்கொண்டார்கள். பழுப்பும் சாம்பலும்தான் அனுமதி என்றபோது, அந்த இரண்டுக்குள்ளேயே எண்ணற்ற சாயல்களை உண்டாக்கினார்கள். 'நாற்பத்தெட்டுப் பழுப்பு, நூறு சாம்பல்' என்றே ஒரு சொலவடை அங்கே உண்டு. தடை போட்டவனுக்கு அந்தச் சாயல்கள் பிரித்துத் தெரியாது, போடுகிறவனுக்குத் தெரியும். புதிய தகுதி இப்படித்தான் பிறக்கிறது.

இரவல்: சலவைக்கு வந்த உடை ஒரு நாள் வேறு தோளில் ஏறுவது. தொட்டிக்காரனும் சலவைக்காரரும் ஊரின் ரகசியம் முழுவதும் அறிந்தவர்கள். உங்கள் கதையில் ஒற்றன் தேவையென்றால் அரண்மனைக்குள் தேடாதீர்கள், துறைக்குப் போங்கள்.

படி 5: மொழியை நிறத்தோடு கட்டுங்கள்

தமிழில் எழுதுகிறவருக்கு இங்கே ஒரு வசதியும் ஒரு கண்ணியும் உண்டு. நம் சொற்களில் மதிப்பு ஏற்கெனவே ஊறியிருக்கிறது. செம்மை என்றால் சிவப்பும்தான், நேர்மையும்தான். செங்கோல் வளையாத கோல். வெள்ளந்தி என்றால் கள்ளமற்றவர். பச்சை உடம்பு, பச்சைப் பொய் இரண்டிலும் பச்சை வெவ்வேறு வேலை செய்கிறது. காவி கட்டினான் என்றால் துறந்தான். மஞ்சள் கடுதாசி கொடுத்தான் என்றால் திவால். உங்கள் நாட்டில் மஞ்சள் மன்னரின் நிறமாக இருந்தால், 'மஞ்சள் கடுதாசி' என்ற தொடர் வாசகர் மனத்தில் எழும்பிக் காரியத்தைக் கெடுக்கும். மாறாக, சிவப்பு இழிவாக இருக்கும் நாட்டில் 'செம்மையான ஆள்' என்று யாரும் புகழமாட்டார்கள். அந்நாட்டுக்கு வேறு புகழ்ச்சொல் வேண்டும். பத்துப் பழமொழி வேண்டாம், இரண்டு வசவும் ஒரு வாழ்த்தும் உண்டாக்கினால் போதும்.

விளிச்சொல்லையும் கவனியுங்கள். கார்த்திகை, மார்கழியில் மாலை போட்டுக் கறுப்பு வேட்டி கட்டியவரை, அவர் ஆட்டோ ஓட்டினாலும் அலுவலகத்தில் கோப்பு தூக்கினாலும், மேலாளர்கூட "சாமி" என்றுதான் கூப்பிடுகிறார். மாலை கழற்றியதும் பழைய பெயர் திரும்பிவிடும். நிறம் மாறியதும் விளி மாறுவதை ஒரே ஒரு உரையாடலில் காட்டினால், பக்கம் பக்கமாக விளக்க வேண்டியதில்லை.

படி 6: வெளிச்சம்

அந்தி சாயும்போது கண் மாறுகிறது. சிவப்பு முதலில் இருண்டு கறுப்பாகத் தெரியும், நீலமும் பச்சையும் ஒப்பீட்டில் வெளிறித் தெரியும். செக் நாட்டு உடலியலாளர் பூர்க்கினியே கவனித்த விளைவு இது. ஆகவே, இருட்டத் தொடங்கும் நேரத்தில் கோட்டை வாசல் காவலனுக்குச் சிவப்பு அங்கிக்காரரும் கறுப்பு அங்கிக்காரரும் ஒன்று. எண்ணெய் விளக்கின் மஞ்சள் ஒளியில் வெள்ளையையும் வெளிர்மஞ்சளையும் பிரிப்பது கடினம், கருநீலமும் கறுப்பும் ஒன்றாகிவிடும். இரவுக் காட்சியில் நிறத்தால் ஆளை அடையாளம் காணவைப்பது நாங்கள் அதிகம் காணும் வழுக்களில் ஒன்று. காவலனுக்குக் கரையைத் தடவிப் பார்க்கும் வழக்கம் கொடுங்கள், அல்லது பதவிக்கேற்ற சலங்கை கட்டுங்கள்.

படி 7: எல்லாவற்றையும் ஒரு நாட்டில் பூட்டிப் பாருங்கள்

கழிநாடு என்று ஒன்றை வைத்துக்கொள்வோம். உப்பும் மீனும் உள்ள முகத்துவாரம், மேலாற்றில் அவுரி வயல். இந்நாட்டில் தகுதிக்கு ஒரே சாயம்தான்: அவுரி நீலம். படிகளைப் பிரிப்பது முக்குகளின் எண்ணிக்கை, அதாவது துணியைத் தொட்டியில் எத்தனை தடவை தோய்த்தார்கள் என்பது.

அவுரித் தொட்டிக்குப் படிகாரம் வேண்டாம். புளித்த தொட்டியிலிருந்து துணி மஞ்சள்பச்சையாக வெளியே வரும், காற்று பட்டதும் கண் முன்னே நீலமாகும். கால்மணி நேரம் ஆறவிட்டு மறுபடி தோய்த்தால் இன்னும் ஆழம். கழிநாட்டுச் சாமானியர் காடாத்துணி உடுத்துவர். ஊர்க்கணக்கருக்கு ஒரு முக்கு, வானம் போன்ற வெளிர்நீலம். நாட்டாண்மைக்கு ஐந்து. அரசவையில் பன்னிரண்டு, கிட்டத்தட்டக் கறுப்பு. பதவி ஏறும்போது புது உடை கொடுப்பதில்லை. பழைய உடையையே ஊர் பார்க்க மறுபடி தொட்டியில் இறக்குகிறார்கள்.

இப்போது சாயத்தின் குணங்களே கதையை உண்டாக்கத் தொடங்குகின்றன. ஏற்றலாம், இறக்க முடியாது: பதவி பறிபோனவரின் உடையை வெளுக்க வழியில்லாததால் அதைக் கிழித்துக் கப்பல் பாய்க்கு ஒட்டுப் போடுகிறார்கள், துறைமுகத்தில் எந்தப் பாயைப் பார்த்தாலும் யார் வீழ்ந்தார் என்று தெரியும். புது நீலம் உராய்ந்து ஒட்டும்: நேற்று பதவியேறியவரின் கழுத்தும் முழங்கையும் நீலம், "கழுத்து இன்னும் காயவில்லை" என்பது அந்நாட்டு ஏளனம். மடிப்பிலும் தையலிலும் நீலம் தேயும்: தாத்தா காலத்து உடையில் மடிப்புகள் வெளிறியிருக்கும், பழைய குடும்பங்கள் அந்த வெளிறலைத்தான் பெருமையாகக் காட்டும், புதுப் பணக்காரர் இரவில் மணலால் தேய்த்து அதைப் போலிசெய்வர். தொட்டித் தொழிலாளியின் கையோ பன்னிரண்டு முக்கைத் தாண்டியது. அரசனைவிட ஆழமான நீலம், ஆனால் அந்தத் தொழிலாளியைக் கை கட்டி மறைத்துக்கொள்ளச் சொல்கிறது சட்டம். ஒரே சாயத்திலிருந்து சட்டம், ஏளனம், மோசடி, நாயகன் நான்கும் வந்துவிட்டன.

படி 8: கதையில் இறக்கும்போது

முதல் அத்தியாயத்தில் நிறப் பட்டியல் வேண்டாம். முதல் மூன்று அத்தியாயங்களில் இரண்டு நிலைகளை மட்டும் அறிமுகம் செய்யுங்கள். விதியைச் சொல்லுமுன் மீறலைக் காட்டுங்கள்.

"கழிநாட்டில் ஐந்து முக்கு நீலம் நாட்டாண்மையின் அடையாளமாகும்" என்று எழுதினால் அது பாடநூல். "சந்தைக்குள் நுழைந்ததும் மீன்காரி அவர் முகத்தைப் பார்க்கவில்லை, கழுத்தைப் பார்த்தாள். நீலம் ஒட்டியிருந்தது. விலையை இரண்டு மடங்காகச் சொன்னாள்." இதில் விதி உள்ளே போய்விட்டது. உடையை வர்ணிக்கும் ஒவ்வொரு வரியிலும் யாராவது ஒருவர் வழிவிட வேண்டும், குரலைத் தாழ்த்த வேண்டும், விலையை மாற்ற வேண்டும். அப்படி எதுவும் நடக்கவில்லையென்றால் வரியை வெட்டுங்கள்.

படி 9: அந்த முறை எப்படி உடையும்?

நீண்ட தொடர் எழுதுகிறவர்களுக்கு இது அவசியம். நிறத் தகுதியை உடைக்கப் புரட்சி வேண்டியதில்லை, சரக்கு வரத்து மாறினாலே போதும். 1453-இல் கான்ஸ்டான்டிநோபிள் (இன்றைய இஸ்தான்புல்) விழுந்தபின் ஐரோப்பாவுக்குச் சங்கு ஊதா அற்றுப்போக, கத்தோலிக்கத் திருச்சபையின் உயர்நிலைக் குருமார்களான கர்தினால்கள் பூச்சிச் சிவப்புக்கு மாறினார்கள். நிறம் மாறியும் மரியாதை குறையவில்லை. எதிர்த்திசையும் உண்டு. 1856-இல் கொய்னா மருந்தைச் செயற்கையாகச் செய்யப் பார்த்த 18 வயது வில்லியம் பெர்கின், நிலக்கரித்தாரிலிருந்து வந்த ஒரு பொருளில் ஊதாவைக் கண்டார். 1897-இல் ஜெர்மனியின் செயற்கை அவுரி விற்பனைக்கு வந்தது. அடுத்த சில பத்தாண்டுகளில் இந்திய அவுரி வயல்கள் சுருங்கின.

கழிநாட்டிலும் ஒரு நாள் அக்கரையிலிருந்து ஒரு வணிகன் வருவான், கையில் ஒரு பொடி இருக்கும். ஒரே முக்கில் பன்னிரண்டு முக்கின் ஆழம், கழுத்தில் ஒட்டாது, மடிப்பில் தேயாது. அதை முதலில் வாங்கப்போவது அரசனா, மீன்காரியா என்று முடிவு செய்துவிட்டு அடுத்த அத்தியாயத்தைத் தொடங்குங்கள்.